பந்து வீச்சாளரை எதைக் கொண்டு அளப்பது?

மேல்மலையனூர், வளத்தி, அவலூர்ப்பேட்டைப் பக்கத்து ஊர்களில் தை மாதம் பிறந்தால் கிரிக்கெட் போட்டிகளும் பிறந்துவிடும். மணிலா அறுத்த கொல்லை, தண்ணீர் வற்றிய ஏரி, பள்ளிக்கூடத்து மைதானம், எது கிடைத்தாலும் ஆடுகளந்தான். இறுதி ஆட்டம் முடிந்ததும் மேசையின்மேல் வரிசையாகக் கோப்பைகள் இருக்கும். அவற்றுள் ஒன்று 'சிறந்த பந்து வீச்சாளர்' என்று பெயர் எழுதியது. அதை யாருக்குக் கொடுப்பது என்பதில் பெரும்பாலும் விவாதமே இராது. ஸ்கோர் நோட்டைப் புரட்டி, யார் அதிக விக்கெட் எடுத்தார் என்று பார்த்து, அவர் கையில் கொடுத்துவிடுவார்கள்.

இந்தப் பழக்கம் அறிவியலுக்கு ஒத்ததுதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விளையாட்டில் அறிவியலுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அளவிடுதல் எங்கே இருக்கிறதோ அங்கே அறிவியலுக்கு வேலை இருக்கிறது. எடைக்கல் தவறானால் கடைக்காரரைக் கேள்வி கேட்கிறோம். ஒரு விளையாட்டு வீரனின் வாழ்க்கையையே நிறுத்துப் பார்க்கும் எடைக்கல் தவறாக இருந்தால் அதையும் கேட்க வேண்டியதுதானே?

முதலில் மொத்த விக்கெட்டுகளை எடுத்துக்கொள்வோம். டெஸ்ட் ஆட்டங்களில் மிக அதிக விக்கெட் எடுத்தவர் இலங்கைக் கண்டியைச் சேர்ந்த முத்தையா முரளிதரன். 133 ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள். நம் சென்னை வீரர் வெங்கட்ராகவன் 57 ஆட்டங்களில் எடுத்தவை 156. ஓர் ஆட்டத்துக்கு என்று வகுத்தால் முரளிக்கு 6, வெங்கட்டுக்கு 3க்கும் குறைவு. ஆனால் இன்னோர் எண்ணையும் பாருங்கள். முரளி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 331 பந்துகள் வீசினார். வெங்கட் வீசியவை 261. அணியில் வேறு எவரும் தமக்கு ஈடில்லை என்ற நிலையில் முரளி நாள் முழுதும் வீசினார். வெங்கட்டோ பிரசன்னா, பேடி, சந்திரசேகர் என்ற மூவரோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. நால்வரும் சேர்ந்து ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்றுதான், 1967இல் பர்மிங்காமில். மற்ற நாள்களில் ஒருவருக்கு இடம் கிடைக்க வேண்டுமானால் இன்னொருவர் வெளியே உட்கார வேண்டும். ஆகவே மொத்த விக்கெட் என்பது திறமையை மட்டும் காட்டுவதன்று. தலைவர் எவ்வளவு நேரம் பந்தைக் கையில் கொடுத்தார் என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

இக்குறையைப் போக்கத்தான் சராசரி வந்தது. விட்டுக்கொடுத்த ஓட்டங்களை விக்கெட்டுகளால் வகுத்தால் கிடைப்பது சராசரி. இதனுடன் இன்னும் இரண்டு எண்களைப் பத்திரிகைகள் அச்சிடுகின்றன. ஓவருக்கு எத்தனை ஓட்டம் என்பது ஒன்று. ஒரு விக்கெட் எடுக்க எத்தனை பந்து என்பது மற்றொன்று. மூன்றும் தனித்தனியானவை என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. ஒரு பந்துக்கு ஆகும் ஓட்டத்தை, ஒரு விக்கெட்டுக்கு ஆகும் பந்துகளால் பெருக்கினால் சராசரி தானே வந்துவிடும். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் பரப்பளவு வருவதுபோல. பரப்பளவு ஒன்றேயான இரண்டு வயல்கள் ஒன்று நீண்டும் ஒன்று சதுரமாகவும் இருக்கலாம் அல்லவா? பந்து வீச்சாளர்களும் அப்படித்தான்.

பேடியையும் சந்திரசேகரையும் பாருங்கள். பேடி 266 விக்கெட்டுகள், சராசரி 28.71. சந்திரசேகர் 242 விக்கெட்டுகள், சராசரி 29.74. ஏறத்தாழ ஒரே பரப்பளவு. ஆனால் பேடி ஓவருக்கு 2.14 ஓட்டமே கொடுத்தார்; விக்கெட் ஒன்றுக்கு 80 பந்துகள் எடுத்துக்கொண்டார். சந்திரசேகர் ஓவருக்கு 2.70 கொடுத்தார், ஆனால் 66 பந்துகளில் ஆளை வெளியேற்றினார்.

இருவரில் யார் அணிக்கு அதிகப் பயன்? டெஸ்ட் ஆட்டத்தை வெல்ல எதிரணியின் இருபது விக்கெட்டுகளையும் வீழ்த்த வேண்டும். அணி முழுவதும் பேடிகளே பந்து வீசினால் இருபது விக்கெட்டுக்கு 574 ஓட்டங்கள் ஆகும். 268 ஓவர்கள் ஆகும். அணி முழுவதும் சந்திரசேகர்களானால் 595 ஓட்டங்கள், 220 ஓவர்கள். அதாவது 21 ஓட்டங்களை அதிகம் கொடுத்து, 48 ஓவர்களை மிச்சம் பிடிக்கிறோம். நாளொன்றுக்குத் தொண்ணூறு ஓவர் என்று கொண்டால் இது அரை நாளுக்கும் மேல். ஐந்து நாளில் முடியாமல் வெற்றி தோல்வியின்றிப் போகும் ஆட்டங்கள் மலிந்திருந்த காலத்தில் அரை நாளின் விலை 21 ஓட்டங்களைவிட அதிகம் என்பது என் கணிப்பு. சராசரி என்ற ஒற்றை எண் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. (ஓவர்க் கணக்கை நம்புவதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1979 வரை ஓர் ஓவருக்கு எட்டுப் பந்துகள். பழைய ஆட்டக் குறிப்புகளைப் படிப்பவர் பந்துகளை எண்ணுவதே நல்லது.)

இப்போது வெங்கட்ராகவன். சராசரி 36.11, ஓவருக்கு 2.27, விக்கெட்டுக்கு 95 பந்துகள். நால்வரில் சிக்கனத்தில் பேடிக்கு அடுத்தவர், ஆனால் வேகத்தில் மிகவும் பின்தங்கியவர். நம்மூர்க்காரர் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவரைப்பற்றிய கணக்கு இதோடு முடியவில்லை. பின்னால் மறுபடியும் வருகிறார்.

விக்கெட் எடுக்காத வியப்பு

சிக்கனம் மட்டும் போதுமா என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. 1964 ஜனவரி 12ஆம் நாள், கார்ப்பரேஷன் ஸ்டேடியம். எதிரணி இங்கிலாந்து. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் பாபு நட்கர்னி பந்து வீச வந்தார். பேரிங்டனும் போலஸும் மட்டையை நீட்டித் தடுத்துக்கொண்டே இருந்தார்கள். தொடர்ந்து 131 பந்துகளில் ஓட்டமே இல்லை. இருபத்தொரு ஓவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மெய்டன். இன்னிங்ஸ் முடிவில் அவர் கணக்கு: 32 ஓவர், 27 மெய்டன், 5 ஓட்டம், விக்கெட் இல்லை.

சராசரி என்ன? ஐந்தைச் சுழியால் வகுக்க வேண்டும். கணித ஆசிரியர் அடிக்க வருவார். உலகமே பேசும் ஒரு பந்து வீச்சுக்கு அளவே சொல்ல முடியாமல் சராசரி கையை விரித்துவிடுகிறது. சிக்கன எண்ணோ இதை மாபெரும் சாதனை என்று கொண்டாடுகிறது. ஆட்டம் என்னவாயிற்று என்று கேட்டால், வெற்றி தோல்வி இன்றி முடிந்தது.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதே இன்னிங்ஸில் சந்து போர்டே 88 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். ஒரு முனையில் ஓட்டமே கிடைக்காத எரிச்சலில் மறுமுனையில் மட்டையைச் சுழற்றி ஆட்டம் இழப்பது பேஸ்மன்களின் இயல்பு என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். அப்படியானால் போர்டேயின் ஐந்தில் நட்கர்னிக்கு ஒரு பங்கு சேர வேண்டாமா? சேர வேண்டும் என்றே தோன்றுகிறது. எவ்வளவு என்று சொல்ல ஸ்கோர் நோட்டில் கட்டம் இல்லை. அளக்க இயலாததை இல்லை என்று சொல்லிவிடுவது நம் பட்டியல்களின் முதற்குறை.

நட்கர்னியின் டெஸ்ட் வாழ்க்கை முழுவதையும் எடுத்துக்கொண்டால் 41 ஆட்டங்களில் 88 விக்கெட்டுகள், ஓவருக்கு 1.67 ஓட்டம், விக்கெட்டுக்கு 104 பந்துகள், சராசரி 29. அதாவது சராசரியில் சந்திரசேகருக்குச் சமம்! இருவரையும் ஒரே தட்டில் வைக்கும் எண்ணை எந்த அணித் தலைவரும் நம்பமாட்டார்.

ஏரியும் பள்ளிக்கூட மைதானமும்

இனி வருவது சற்று வியப்பானது. பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

குமரன், செல்வம் என்று இரண்டு இளைஞர்களைக் கற்பனை செய்வோம். இருவரும் இரண்டு போட்டித் தொடர்களில் பந்து வீசுகிறார்கள். முதல் தொடர் வற்றிய ஏரியில். வெடித்த மண்; பந்து எப்படி எழும் என்று யாருக்கும் தெரியாது; விக்கெட்டுகள் சரியும். இரண்டாம் தொடர் உருட்டிச் சமன் செய்த பள்ளிக்கூட மைதானத்தில். அங்கே மட்டைக்காரர் ராஜ்யம்.

ஏரியில் குமரன் 10 ஓட்டங்களுக்கு 2 விக்கெட் எடுத்தான், சராசரி 5. செல்வம் 60 ஓட்டங்களுக்கு 10 விக்கெட், சராசரி 6. குமரனே மேல். பள்ளி மைதானத்தில் குமரன் 200 ஓட்டங்களுக்கு 10 விக்கெட், சராசரி 20. செல்வம் 44 ஓட்டங்களுக்கு 2 விக்கெட்; சராசரி 22. இங்கும் குமரனே மேல். இப்போது இரண்டையும் கூட்டுங்கள். குமரன் 210 ஓட்டங்களுக்கு 12 விக்கெட், சராசரி 17.5. செல்வம் 104 ஓட்டங்களுக்கு 12 விக்கெட், சராசரி 8.7. கோப்பை செல்வத்துக்கு!

இரண்டு இடத்திலும் முந்தியவன் கூட்டுத்தொகையில் தோற்றுவிட்டான். கூட்டலில் பிழை இல்லை. மறுபடியும் போட்டுப் பாருங்கள். புள்ளியியலில் இதற்குச் சிம்சன் முரண்பாடு என்று பெயர். குமரனின் பெரும்பாலான விக்கெட்டுகள் கடினமான இடத்தில் வந்தவை, செல்வத்தினுடையவை எளிதான இடத்தில் வந்தவை. சராசரி இரண்டு மண்ணையும் ஒரே மண்ணாகக் குழைத்துவிட்டது. மருத்துவ ஆய்வுகளில்கூட இந்த முரண்பாடு அறிஞர்களை ஏமாற்றியிருக்கிறது. ஊர்க் கோப்பைக்கு மட்டும் வருவதன்று.

டெஸ்ட் ஆட்டத்திலும் இதே கதைதான். 2024 டிசம்பரில் ஓய்வு பெற்ற சென்னை வீரர் அஸ்வின் 106 ஆட்டங்களில் 537 விக்கெட்டுகள் எடுத்தார், சராசரி 24. இந்திய மண்ணில் 65 ஆட்டங்களில் 383 விக்கெட், சராசரி 21.57. எதிரணிகளின் மண்ணில் 40 ஆட்டங்களில் 150 விக்கெட், சராசரி 30.55. (மீதி நான்கு, 2021இல் பொது இடமான சௌதாம்ப்டனில்.) முரளியின் 800இல் 493 இலங்கை மண்ணில் கிடைத்தவை. ஆஸ்திரேலியாவில் ஐந்து ஆட்டங்கள் ஆடி அவர் எடுத்தவை 12தான். ஆகவே அவர்கள் பெரிய வீச்சாளர்கள் அல்லர் என்று முடிவு கட்டுவோர் உண்டு. அது அவசர முடிவு. அதே மண்ணில், அதே ஆட்டங்களில் பந்து வீசிய பிறர் எப்படி வீசினார்கள் என்று கேட்காமல் எதையும் சொல்ல முடியாது. காய்ச்சல் எவ்வளவு என்று சொல்ல உடலின் இயல்பான வெப்பம் தெரிந்திருக்க வேண்டும்.

காலமும் ஒரு மண்தான். இங்கிலாந்தின் ஜார்ஜ் லோமன் 1886க்கும் 1896க்கும் இடையில் 18 டெஸ்டுகளில் 112 விக்கெட் எடுத்தார், சராசரி 10.75. இன்றுவரை யாரும் அருகில் வரவில்லை. ஆனால் அது மழைக்கு மூடாத ஆடுகளங்களின் காலம். லோமன் பும்ராவைவிட இரு மடங்கு சிறந்தவர் என்று அந்த எண்ணைக் காட்டி வாதாடுவது, அணாக் காலத்து அரிசி விலையையும் இன்றைய விலையையும் ஒப்பிடுவது போன்றது.

அப்படியானால் வழி என்ன? குமரனிடமே திரும்புவோம். ஏரியில் மற்ற பந்து வீச்சாளர்கள் எல்லாரும் சேர்ந்து விக்கெட்டுக்கு 8 ஓட்டம் கொடுத்தார்கள், பள்ளி மைதானத்தில் 30 கொடுத்தார்கள் என்று கொள்வோம். ஏரியில் குமரன் எடுத்த 2 விக்கெட்டுகளுக்கு ஒரு சாதாரண வீச்சாளர் 16 ஓட்டம் கொடுத்திருப்பார், குமரன் கொடுத்தது 10, மிச்சம் 6. பள்ளி மைதானத்தில் 10 விக்கெட்டுகளுக்கு 300, குமரன் கொடுத்தது 200, மிச்சம் 100. மொத்தம் 106 ஓட்டங்களை அணிக்கு மிச்சப்படுத்தினான். செல்வத்துக்கு இதே கணக்கைப் போட்டால் ஏரியில் 20, பள்ளியில் 16, ஆக 36. உண்மை இப்போது வெளியே வந்துவிட்டது.

'மிச்சப்படுத்திய ஓட்டங்கள்' என்ற இந்த எண்ணுக்கு மூன்று நல்ல குணங்கள் உண்டு. மண்ணின் வேறுபாட்டைக் கழித்துவிடுகிறது. உழைப்பின் அளவையும் கணக்கில் சேர்க்கிறது. இரண்டு ஓவர் வீசி ஒதுங்கியவர் முதலிடம் பெற முடியாது. மேலும், விடை ஓட்டங்களில் கிடைக்கிறது. ஆட்டமும் ஓட்டங்களில்தானே தீர்மானமாகிறது? என்னைக் கேட்டால், நீண்ட ஆட்டங்களுக்குப் பத்திரிகைகள் அச்சிட வேண்டிய முதல் எண் இதுவே. பேடிக்கும் சந்திரசேகருக்கும் உள்ள வேறுபாட்டுக்காக, விக்கெட்டுக்கு எத்தனை பந்து என்பதையும் பக்கத்தில் போடலாம்.

யாருடைய விக்கெட்?

இனிக் கடினமான கேள்வி. 1971 ஆகஸ்ட் 24ஆம் நாள் லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியா இங்கிலாந்தைத் தோற்கடித்தது. அந்நாட்டு மண்ணில் அதுவே நமக்கு முதல் டெஸ்ட் வெற்றி. இரண்டாம் இன்னிங்ஸில் இங்கிலாந்து 101 ஓட்டங்களுக்குச் சுருண்டது. சந்திரசேகர் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் என்று நோட்டில் இருக்கிறது. அந்த ஆறில் ஒன்று, லக்ஹர்ஸ்ட் என்பவர் வெங்கட்ராகவன் கையில் கேட்ச் கொடுத்தது. இன்னொன்று, ஃபிளெட்சரைச் சோல்கர் பிடித்தது. விக்கெட் காப்பாளர் நாட்டை வெங்கட்ராகவன் வீச்சில் அதே சோல்கர் பாய்ந்து பிடித்தார். ஏக்நாத் சோல்கர் மட்டையாளரின் மூக்கடியில், ஷார்ட் லெக்கில், தலைக்கவசம் இல்லாத காலத்தில் நின்றவர். 27 டெஸ்டுகளில் 53 கேட்சுகள். அவர் அங்கே நிற்காதிருந்தால் சுழற்பந்து நால்வரின் சராசரி எவ்வளவாக இருந்திருக்கும்?

இங்கேதான் வெங்கட்ராகவன் மறுபடி வருகிறார். அவர் 44 டெஸ்ட் கேட்சுகள் பிடித்தவர்; அவற்றுள் பல பிறர் வீச்சில் வந்தவை. அவை பிடித்தவரின் பந்து வீச்சுச் சராசரியைக் குறைக்கவில்லை. மற்றவர் சராசரியைக் குறைத்தன. வெங்கட்டுக்குத் தம் வீச்சில் பிடிக்க இன்னொரு வெங்கட் கிடைக்கவில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

இந்தச் சிக்கலை அமெரிக்கர் தம் ஆட்டமான பேஸ்பாலில் நம்மைவிடக் கூர்மையாக ஆராய்ந்திருக்கிறார்கள். பேஸ்பாலிலும் ஒருவர் பந்தை எறிகிறார், எதிரே ஒருவர் தடியால் அடிக்கிறார், மற்றவர்கள் பிடிக்கிறார்கள். அங்கே புள்ளிவிவரப் பழக்கத்தைப் பரப்பிய ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்து கிரிக்கெட்டில் பழகியவர் என்பது ஒரு சுவையான செய்தி. நெடுங்காலம் அங்கே எறிவாளரின் பெருமையை 'எத்தனை வெற்றி' என்று எண்ணினார்கள். தம் அணியின் அடிப்பவர்கள் ஓட்டம் எடுக்காவிட்டால் எறிவாளர் என்ன செய்வார்? 2018இல் நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேகப் டிகிராம், ஒன்பது சுற்றுக்கு 1.70 ஓட்டம் மட்டுமே கொடுத்தும், அவர் கணக்கில் வெற்றி 10, தோல்வி 9. அவ்வாண்டு சிறந்த எறிவாளர் விருது அவருக்கே கிடைத்தது. 'வெற்றி' எண்ணின் மதிப்பு எவ்வளவு சரிந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

அதற்கும் முன்பே, 2001இல், வோரோஸ் மெக்ராக்கன் என்பவர் துணிச்சலான ஒரு கருத்தை வெளியிட்டார். அடிக்கப்பட்ட பந்து மைதானத்துக்குள் விழுந்த பிறகு, அது பிடிபடுமா தப்புமா என்பதில் எறிவாளரின் பங்கு மிகக் குறைவு. பெரும்பாலும் தடுப்பாளரின் திறமையும் தற்செயலும்தான். ஆகவே தடுப்பாளர் கைபடாத நிகழ்ச்சிகளைக் கொண்டே எறிவாளரை அளக்க வேண்டும் என்றார். அடிக்கத் தவறி வெளியேறியவர்கள், இலவசமாக நடந்தவர்கள், மைதானத்துக்கு வெளியே போன அடிகள், இவை மட்டும் போதும் என்பது அவர் வாதம்.

இதை அப்படியே கிரிக்கெட்டுக்குக் கொண்டுவரலாம் என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். ஸ்டம்பு விழுந்ததையும் எல்.பி.டபிள்யூ.வையும் மட்டும் வீச்சாளர் கணக்கில் வைத்துக் கேட்சுகளை நீக்கிவிடலாம் என்பது அவர்கள் யோசனை. இதை நான் ஏற்கவில்லை. பேஸ்பாலில் எறிவாளர் கேட்சைத் திட்டமிட்டு வரவழைப்பது அரிது என்றே வைத்துக்கொண்டாலும், கிரிக்கெட்டில் அதுவே சுழற்பந்தின் கலை. பந்தைத் தூக்கிப் போட்டு, முன்னே இழுத்து, மட்டையின் உள் விளிம்பில் உராய வைத்து ஷார்ட் லெக் கைக்கு அனுப்புவது தற்செயல் அன்று. கேட்சை நீக்கினால் பேடியின் பாதி அறிவை நீக்கினதாகும். விளிம்பில் உராய வைத்தது வீச்சாளர். அதைப் பிடித்தது சோல்கர். அளக்க வேண்டியது முதற்பாதியை.

இன்று அதற்குக் கருவி இருக்கிறது. 2001இல் தொலைக்காட்சியில் அறிமுகமான 'ஹாக்-ஐ' முறையில் பல காமிராக்கள் பந்தின் பாதையை முப்பரிமாணத்தில் குறித்துக்கொள்கின்றன. இத்தகைய பதிவுகளைக் கொண்டு, மட்டையாளர் எத்தனை பந்துகளைத் தவறவிட்டார், எத்தனை விளிம்பில் பட்டன, இதுபோன்ற பந்துகளில் வழக்கமாக எத்தனை விக்கெட் விழும் என்று கணக்கிடுகிறார்கள். கேட்ச் விடப்பட்டாலும் வீச்சாளருக்கு உரியது கிடைத்துவிடும். நல்ல முறைதான். ஆனால் இந்தப் பதிவுகளில் பெரும்பகுதி பொதுமக்கள் கைக்கு வருவதில்லை. ஊர்ப்போட்டியில் காமிராவுக்கு எங்கே போவது? அங்கே ஸ்கோர் எழுதுபவர் விடப்பட்ட கேட்சுகளுக்கு ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டால், முக்கால் பயன் ஒரு பென்சில் கோட்டில் கிடைத்துவிடும்.

ஏழு விக்கெட்டும் அறுநூறு விக்கெட்டும்

இதுவரை சொன்ன எல்லா எண்களுக்கும் பொதுவான ஒரு நோய் உண்டு. அது தற்செயல்.

1988 ஜனவரி, சேப்பாக்கம். நரேந்திர ஹிர்வானி என்ற பத்தொன்பது வயது இளைஞர் தம் முதல் டெஸ்டில் மேற்கிந்திய அணியின் 16 விக்கெட்டுகளை 136 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார். சராசரி 8.5. விக்கெட் காப்பாளர் கிரண் மோரே அந்த ஆட்டத்தில் ஆறு ஸ்டம்பிங் செய்தார். பல ஹிர்வானியின் பந்துகளில். நான்கு டெஸ்ட் முடிவில் ஹிர்வானியிடம் 36 விக்கெட்டுகள் இருந்தன. அடுத்துக் கிடைத்த 13 டெஸ்டுகளில் அவர் எடுத்தவை 30. வாழ்நாள் சராசரி 30.10. முதல் ஆட்டம் பொய்யன்று; ஆனால் சுழற்பந்துக்கு ஏற்ற ஆடுகளமும், அதிர்ஷ்டமும், திறமையும் ஒன்று சேர்ந்த உச்சம் அது. உச்சத்தை அளந்துவிட்டு அதுவே மலையின் சராசரி உயரம் என்று நினைத்தோர் ஏமாந்தார்கள்.

எத்தனை விக்கெட் இருந்தால் ஒரு சராசரியை நம்பலாம்? எளிய விதி ஒன்று உண்டு. விக்கெட் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுங்கள். தற்செயலால் மட்டும் எண்ணிக்கை ஏறத்தாழ அந்த அளவுக்கு மேலும் கீழும் ஆடக்கூடும். கதிரியக்கத்தை எண்ணும் இயற்பியலார் கையாள்வதும் இதே விதிதான். வெங்கட்டின் 156க்கு வர்க்கமூலம் பன்னிரண்டரை, நூற்றுக்கு எட்டு. அதாவது அவர் சராசரியை 33க்கும் 39க்கும் இடையில் எங்கோ என்று படிக்க வேண்டும். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் அச்சிடுவதெல்லாம் அலங்காரம்.

இவ்விதியை மனத்தில் கொண்டு சென்னையின் வி. வி. குமாரைப் பாருங்கள். லெக் ஸ்பின் வீச்சாளர். முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட்டுகள், சராசரி 19.98. 1961 பிப்ரவரியில் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸிலேயே 64 ஓட்டங்களுக்கு 5 விக்கெட், ஆட்டம் முழுவதிலும் 7. அதே ஆண்டு பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டாம் டெஸ்ட். 70 ஓட்டம், விக்கெட் இல்லை. பிறகு அவருக்கு டெஸ்ட் வாய்ப்பே கிடைக்கவில்லை. காலப்போக்கில் சந்திரசேகரும் பிரசன்னாவும் பேடியும் இடங்களை நிரப்பிக்கொண்டார்கள் என்பதும் உண்மை.

ஏழு விக்கெட்டின் வர்க்கமூலம் 2.6. தவறு நூற்றுக்கு முப்பத்தெட்டு! குமாரின் டெஸ்ட் சராசரி 28.86 என்று புத்தகங்களில் இருக்கிறது. அதை 21க்கும் 46க்கும் இடையில் எங்கோ என்று படிக்க வேண்டும். அதாவது ஒன்றுமே சொல்லவில்லை. 599 விக்கெட்டில் தவறு நூற்றுக்கு நான்குதான். இன்னிங்ஸுக்கு இரண்டு விக்கெட் எடுக்கும் தகுதியுள்ள நல்ல வீச்சாளர்கூட, பாய்சான் பரவல் கணக்குப்படி, நூறு இன்னிங்ஸில் பதின்மூன்று பதினான்கில் வெறுங்கையோடு திரும்புவார். ஏழு முறைக்கு ஒரு முறை! வெறுங்கையாகத் திரும்பிய நாள் ஒருவரின் இரண்டாவது ஆட்டத்தில் வருமா இருபதாவது ஆட்டத்தில் வருமா என்பது காசு சுண்டுவது போன்றது. மாவட்ட அணித் தேர்வுக்கு ஒரே நாள் வரச்சொல்லி, நான்கு ஓவர் வீசச்சொல்லி, 'விக்கெட் எடுக்கவில்லை, போ' என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை இந்தக் கணக்கு காட்டும். செஞ்சியிலிருந்து பஸ் ஏறிப் போன பையனுக்கு அந்த நான்கு ஓவர்தான் வாழ்க்கை.

இடையே ஒன்று. 1987இல் டெட் டெக்ஸ்டர் முதலியோர் தொடங்கிய தரவரிசைப் புள்ளி முறை இப்போது அனைத்துலகக் கிரிக்கெட் சபையின் பெயரில் வழங்குகிறது. ஆயிரத்துக்கு இத்தனை என்று புள்ளி தருவார்கள். சிறந்த பேட்ஸ்மனை வீழ்த்தினால் அதிகப் புள்ளி, அண்மை ஆட்டங்களுக்கு அதிக மதிப்பு. எதிரியின் தரத்தைக் கணக்கில் கொள்வது பாராட்டத்தக்கது. ஆனால் வாசகர் தாமே போட்டுச் சரிபார்க்கும்படி முழு வாய்பாட்டையும் அச்சிட்டுத் தருவதில்லை. பிறர் செய்து பார்த்துச் சரிபார்க்க முடியாத அளவையை நாம் வகுப்பறையில் ஏற்பதில்லையே.

குறைந்த ஓவர் ஆட்டம்

மேலே கூறியவை ஐந்து நாள் ஆட்டத்துக்குப் பொருந்துபவை. இருபது ஓவர் ஆட்டத்திலும், நம் ஊர்ப் பத்து ஓவர் ஆட்டத்திலும் நிலைமை வேறு. இங்கே பத்து விக்கெட்டும் விழுவது அரிது, தீர்ந்துபோவது பந்துகள். ஆகவே சிக்கன எண் மேலே ஏறுகிறது, சராசரி கீழே இறங்குகிறது. நட்கர்னி இந்தக் காலத்தில் ஆடியிருந்தால் ஏலத்தில் கோடிகள் போயிருப்பார்.

ஆனால் இங்கும் ஓவருக்கு எத்தனை ஓட்டம் என்று மொட்டையாகப் பார்ப்பது தவறு. முதல் ஓவரில் கொடுத்த எட்டு ஓட்டமும், மட்டைகள் நாற்புறமும் சுழலும் கடைசி ஓவரில் கொடுத்த எட்டு ஓட்டமும் ஒன்றாகா. முதல் ஓவரில் வீழ்த்திய விக்கெட் அணியின் திட்டத்தையே மாற்றும்; கடைசிப் பந்தில் வீழ்த்திய விக்கெட் நோட்டுக்கு மட்டுமே பயன்படும். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன் 2020 ஐ.பி.எல். தொடரில் இறுதி ஓவர்களில் யார்க்கர் யார்க்கராகப் போட்டுப் பெயர் பெற்றார். அவருடைய சிக்கன எண்ணை, தொடக்க ஓவர் மட்டும் வீசும் ஒருவருடைய எண்ணோடு நேராக ஒப்பிட்டால் அவருக்கு அநீதி.

இதற்கான கருத்து வேறோர் இடத்தில் தயாராகவே இருக்கிறது. மழையால் ஆட்டம் குறைந்தால் இலக்கைத் திருத்த டக்வொர்த், லூயிஸ் என்ற இரு ஆங்கிலப் புள்ளியியலார் வகுத்த முறை 1997இல் நடைமுறைக்கு வந்தது. திருச்சூர்ப் பொறியாளர் ஜெயதேவன் வகுத்த வேறொரு முறை இந்திய உள்நாட்டுப் போட்டிகளில் பயன்பட்டது. மீதியுள்ள ஓவர்கள், மீதியுள்ள விக்கெட்டுகள் என்னும் இரண்டும் சேர்ந்ததே ஓர் அணியின் கையிருப்பு என்பது டக்வொர்த், லூயிஸ் முறையின் உயிர்நாடி. எத்தனை ஓவர் மீதி, எத்தனை விக்கெட் மீதி என்று தெரிந்தால், அணி இன்னும் எத்தனை ஓட்டம் எடுக்கக்கூடும் என்று அட்டவணை சொல்லும்.

இதையே பந்து வீச்சாளரை அளக்கப் பயன்படுத்தலாம். அவர் ஓவரைத் தொடங்கும்போது எதிரணி 70 ஓட்டம் எடுக்கக்கூடும் என்று அட்டவணை சொல்கிறது என்று கொள்வோம். ஓவரில் அவர் 5 ஓட்டம் கொடுத்து ஒரு விக்கெட் எடுத்தார். இனி எதிரணி எடுக்கக்கூடியது 57 என்று அட்டவணை காட்டுகிறது. 5ம் 57ம் 62. ஆகவே அந்த ஓவரில் அவர் மிச்சப்படுத்தியது 8 ஓட்டம். விக்கெட்டுக்குத் தனியாக, ஓட்டத்துக்குத் தனியாக என்று இரண்டு எண் வேண்டாம். எந்த ஓவர் என்ற வேறுபாடும் தானே கழிந்துவிடுகிறது. குமரனுக்குப் போட்ட கணக்கும் இதுவும் அடிப்படையில் ஒன்றே.

உங்கள் ஊர் மைதானத்துக்கு அச்சடித்த அட்டவணை பொருந்தாது. இரண்டு மூன்று பருவங்களின் ஸ்கோர் நோட்டுகளைச் சேர்த்துவைத்தால் பள்ளி மாணவர்களே சொந்த அட்டவணை ஒன்றைத் தயாரிக்கலாம். நான்காவது ஓவர் முடிவில் இரண்டு விக்கெட் போயிருந்த ஆட்டங்களையெல்லாம் தனியே எடுத்து, அதற்குமேல் எத்தனை ஓட்டம் வந்தது என்று சராசரி காண வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு கட்டத்துக்கும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பந்துக்குப் பந்து, விழுந்த ஓவரிலேயே விக்கெட்டைக் குறித்திருக்க வேண்டும். நம் நோட்டுகளில் பலவற்றில் இன்னிங்ஸ் முடிந்தபின் எழுதிய மொத்தத் தொகை மட்டுமே இருக்கிறது. அந்த நோட்டுகளிலிருந்து இந்த அட்டவணையை எடுக்க வழியில்லை.